எலுமிச்சைக் காந்தம்

புது அடுப்பு மறுபடியும் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோனது.

தோர்டிஸ் பாத்திரத்தைத் தூக்கி அடியைத் துடைத்தாள். கண்ணாடித் தட்டையும் துடைத்தாள். திரும்ப வைத்தாள். சிவப்புப் புள்ளி ஒன்று கண்ணைச் சிமிட்டியது, கத்தியது, காணாமல் போனது. பாத்திரத்தில் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே கிடந்தது.

அடுத்த பாத்திரம். அதே கத்தல். அதற்கடுத்தது. அதுவும்.

நான்கும் கனத்த அலுமினியப் பாத்திரங்கள். கல்யாணமான வருடம் கூட்டுறவுக் கடையில் வாங்கியவை. ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. இன்றைக்கு, எல்லா நாளையும் விட்டுவிட்டு இன்றைக்கு, நான்கும் சேர்ந்து அவள் கழுத்தை அறுத்தன.

இன்று மத்தியானம் ஸ்டைனர் சாப்பிட வருகிறான்.

ஸ்டைனர் அவள் கணவன் ஹால்வரின் தம்பி. போன வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில் படகிலிருந்து இறங்கிப் போனவன், அதன்பிறகு அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சால்மன் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஹால்வருக்கு வலது தோள் போய்விட்டது. தனியாக வலை இழுக்க முடியாது. காட் மீன் கரையோரம் வந்து குவிந்துகிடக்கிறது, அவர்கள் படகு 'தெர்னா' மட்டும் படகுத்துறையில் கட்டிக்கிடக்கிறது. இந்த மீன்காலமும் கடலுக்குப் போகாவிட்டால் படகை விற்றுவிட்டு துரோம்சோ நகரத்தில் இருக்கும் மகளோடு போய் இருந்துவிடலாம் என்று ஹால்வர் சொல்லியிருந்தான். தெற்கிலிருந்து ஒருவன் வந்து படகைப் பார்த்துவிட்டும் போயிருந்தான். துரோம்சோவில் நான்காவது மாடியில் உட்கார்ந்து கார்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஹால்வரைத் தோர்டிஸால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அவள்தான் ஸ்டைனருக்குப் போன் செய்தாள். மெல்யே சாப்பிட வா என்றாள். குளிர்கால காட் மீனும் அதன் ஈரலும் சினையும் தனித்தனியாக வெந்து ஒரே தட்டில் சேர்கிற சாப்பாடு. அந்தத் தீவில் அதற்கு மாட்டேன் என்று சொன்னவர் கிடையாது. ஸ்டைனர், வருகிறேன், சாப்பிட்ட பிறகு பேசலாம் என்றான். சாப்பிட்ட பிறகு. அவன் படகில் சமையல்காரனாக இருந்தவன். மெல்யே விஷயத்தில் நாக்கு கத்தி மாதிரி.

அவள் துரோம்சோவுக்குப் போன் போட்டாள். பிறந்தநாள் பரிசு என்று இந்த இண்டக்ஷன் அடுப்பை அனுப்பிய மகள் சில்யே வேலையில் இருந்தாள்.

"காந்தம் ஒட்டுற பாத்திரம்தான்மா அதுல வேலை செய்யும். அலுமினியத்துல ஒட்டாது."

"அத நேத்தே சொல்லியிருக்கலாமே."

"பெட்டி மேல எழுதியிருந்துச்சே."

"பெட்டிய ஒட்மண்ட் எடுத்துட்டுப் போயிட்டான். பழைய அடுப்பையும் எடுத்துட்டுப் போயிட்டான். இந்நேரம் அது குப்பைமேட்டுல கிடக்கும்."

எலெக்ட்ரீஷியன் ஒட்மண்ட் நேற்று சாயங்காலம்தான் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, கண்ணாடியைத் தடவிக்கொடுத்துவிட்டு, மலைக்கணவாய் மூடுவதற்குள் போகவேண்டும் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடினான். இரவே பனிப்புயல் கணவாயை மூடிவிட்டது. நகரத்துக்குப் போய்ப் பாத்திரம் வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளூர்க் கடையில் பிளாஸ்டிக் வாளியும் ஒரு வாணலியும் இருந்தால் அதிகம்.

ஹால்வர் ஜன்னலருகே நின்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே, பழைய அடுப்பே போதும் என்று தான் சொன்னதாகச் சொன்னான்.

"எப்ப சொன்ன?"

"மனசுக்குள்ள."

தோர்டிஸ் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிய்த்து எடுத்தாள். விடுமுறைக்குக் கிரான் கனாரியாவுக்குப் போனபோது வாங்கியது. மஞ்சள் எலுமிச்சம்பழம், அதற்கு ஒரு சிரித்த முகம். அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பனிமழையில் இறங்கினாள்.

காற்று வடமேற்கிலிருந்து. பாதி மழை, பாதி பனி. சாலை சவுக்காரம் தடவியது போல வழுக்கியது.

பக்கத்து வீட்டு யோருன் கதவைத் திறந்தாள். வாய்க்குப் பூட்டில்லாதவள். தோர்டிஸ் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அலமாரியைத் திறந்து பாத்திரங்களைத் தரையில் பரப்பிவிட்டாள். தோர்டிஸ் மண்டியிட்டு ஒவ்வொன்றின் அடியிலும் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தாள். வைத்ததும் விழுந்தது. வைத்ததும் விழுந்தது. தாமிர அடி போட்ட அழகான பாத்திரத்திலும் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

"எங்க வீட்டுக்காரர் மண்டையில வெச்சுப் பாரு. கப்புனு பிடிச்சுக்கும்."

"அவர அடுப்புல ஏத்த முடியாதே யோருன்."

"நான் ஏத்தி வருஷக்கணக்காச்சு. இன்னும் வேகல."

நண்டு அவிக்கிற நீல எனாமல் அண்டாவில் காந்தம் டப்பென்று ஒட்டியது. தோர்டிஸுக்குப் பெருமூச்சே வந்தது. திருப்பிப் பார்த்தாள். அடி சின்ன வயிறு மாதிரி வெளியே உப்பியிருந்தது. தரையில் வைத்தால் பம்பரமாக ஆடியது.

ஆடினாலும் அண்டா அண்டாதானே என்றாள் யோருன். யாருக்காக இந்த அவசரம் என்றும் கேட்டாள். தோர்டிஸ் சொன்னதும் அவள் முகத்தில் சிரிப்பு மறைந்தது. ஒரு சின்ன எனாமல் பால் பாத்திரத்தையும் தேடி எடுத்து மேலே வைத்துக்கொடுத்தாள்.

"ஸ்டைனரா? அப்ப உப்பு பார்த்துப் போடு. எங்க அண்ணன் சாவுக்குப் போட்ட மீனையே உப்பில்லைன்னு சொன்னவன்."

அண்டா சினைக்கு, பால் பாத்திரம் ஈரலுக்கு; மீனுக்கு இன்னொரு பெரிய பாத்திரம் வேண்டும். ஆசிரியர் வீட்டில் எல்லாம் அலுமினியம். பாதிரியார் வீட்டில் ஆளில்லை. கடைசியில் மீன் ஆலைத் தொழிலாளர்கள் தங்கும் நீளக் கட்டடத்துக்குப் போனாள். போலந்துக்காரன் ஸ்லாவெக் முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுச் சூப் கிண்டிக்கொண்டிருந்தான். கிண்டிக்கொண்டிருந்த பாத்திரம் பளபளவென்று எவர்சில்வர். தோர்டிஸ் எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். பாத்திரத்தின் விலாவில் அது ஒட்டிக்கொண்டு சிரித்தது.

ஸ்லாவெக் எலுமிச்சையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இது எதுக்கு? சூப்புக்குள்ள போடவா?"

"பாத்திரம் வேணும். இப்பவே. சாயங்காலம் கொண்டுவந்து தரேன்."

"சூப்பு?"

அதை எங்காவது ஊற்றிக்கொள்ளச் சொன்னாள். அவன் அரைகுறை மொழியில் ஏதோ முனகிக்கொண்டே சூப்பைத் தரை துடைக்கிற வாளியில் ஊற்றாமல், நல்லவேளையாகச் சுத்தமான வாளியில் ஊற்றினான். பாத்திரம் ஒடுக்கமும் உயரமுமாக இருந்தது. தகரம் போல மெல்லிசு. தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை. அப்போதே அவளுக்கு உறுத்தியது. ஆனால் பிச்சை எடுக்க வந்த இடத்தில் பாத்திரத்தின் தடிமனைப் பற்றிப் பேச முடியுமா?

வீட்டுக்கு வந்தபோது ஈரம் எலும்புவரை போயிருந்தது. நேரம் அதைவிட வேகமாகப் போயிருந்தது.

உருளைக்கிழங்கை முதலில் அவித்துத் துண்டில் சுற்றி வைத்தாள். அதில் குறையில்லை. சினைப் பைகளை உப்புத் தூவிக் காகிதத்தில் பொட்டலம் கட்டி நீல அண்டாவில் இறக்கினாள். சினை பொறுமையான சமாசாரம். தண்ணீர் கொதிக்கக்கூடாது, சும்மா நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். கொதித்தால் பை வெடித்துவிடும். நீல அண்டா கண்ணாடிமேல் ஆடியது. ஆடிய இடத்திலெல்லாம் வண்டு மாதிரி ரீங்கரித்தது. சூடு நடுவில் ஒரே இடத்தில் ஏறியது, ஓரம் குளிர்ந்து கிடந்தது. அவள் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெங்காயம் நறுக்கினாள்.

வெங்காயமும் வினிகரும் சேர்த்த ஈரலுக்குப் பால் பாத்திரம். பெரிய வட்டத்தில் வைத்தால் அடுப்புக்குப் பாத்திரமே கண்ணில் படவில்லை. கத்தியது. சின்ன வட்டத்துக்கு மாற்றினாள். ஏற்றுக்கொண்டது.

பிறகு மீன் தண்ணீர். ஸ்லாவெக்கின் பாத்திரத்தில் கடல் மாதிரி உப்புப் போட்டு, சூட்டை உச்சத்தில் வைத்தாள். தண்ணீர் சரசரவென்று பொங்கத் தொடங்கியது. அவள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் நீல அண்டா செத்துப்போனது. இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடுகிற குழந்தைகள் போல. ஒன்று அள்ளினால் மற்றதற்கு இல்லை. அண்டாவின் சூட்டைக் கூட்டினாள். மீன் தண்ணீர் அடங்கியது. மீன் தண்ணீரைக் கூட்டினாள். பொறுமை போய், இரண்டையும் கூட்டினாள்.

அண்டாவுக்குள் டப் என்று சத்தம் கேட்டது. மூடியைத் திறந்தாள். காகிதம் அடியில் ஒட்டிக் கிழிந்து, சினை ரவைக் கஞ்சியாகத் தண்ணீரெங்கும் பரவியிருந்தது.

கரண்டியைச் சுவரில் அடிக்க ஓங்கினாள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதால் இறக்கினாள்.

ஸ்டைனர் வந்துவிட்டான். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே.

அண்ணனும் தம்பியும் மேசையின் இரு முனைகளில் உட்கார்ந்தார்கள். வானிலை பேசினார்கள். காற்று வடமேற்கு என்றான் ஒருவன். ஆமாம், வடமேற்கு என்றான் மற்றவன். அத்தோடு பேச்சு தீர்ந்துபோனது.

தோர்டிஸ் மீன் துண்டங்களைக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கினாள். காலையில் துறைமுகத்தில் வாங்கிய மீன், பனிக்கட்டி மாதிரி ஜில்லிட்டிருந்தது. பாத்திரம் ஒடுக்கமானதால் நெருக்கியடித்து அடுக்கவேண்டியிருந்தது. மூடினாள். கை தானாக நீண்டு அடுப்பை அணைத்தது.

அதுதான் தப்பு. அவளுக்கு அது தப்பென்று தெரியவே தெரியாது. அந்தத் தீவில் எந்த வீட்டில் கேட்டாலும் மீனை அப்படித்தான் செய்வார்கள். காட் மீனைக் கொதிக்கவிடுகிறவள் சமையலறையில் நிற்கத் தகுதியில்லாதவள். தண்ணீர் பொங்கியதும் மீனைப் போட வேண்டும், அணைக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய அடுப்பின் இரும்புத் தட்டு அணைத்த பிறகும் வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். கனத்த அலுமினியம் அந்தச் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மேசையில் தட்டு வைத்து முடிப்பதற்குள் மீன் தானே வெந்திருக்கும். வாழ்க்கை முழுக்க அவள் கை அதைச் செய்து வந்திருக்கிறது.

இந்தக் கண்ணாடியில் அணைத்தால் அணைத்ததுதான். கனலுகிற இரும்பு எதுவுமில்லை. மெல்லிசான எவர்சில்வர். ஜில்லிட்ட மீன். தண்ணீர் சத்தமில்லாமல் ஆறிக்கொண்டிருந்தது. தோர்டிஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பரிமாறினாள். உருளைக்கிழங்கு, ஈரல், மேலே மீன். சினை இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் மிளகுத்தூளைத் தூவி மறைத்தாள்.

ஸ்டைனர் முள்கரண்டியால் மீனைத் தொட்டான். அது விலகவில்லை. கத்தியால் முள்ளோரம் பிரித்தான். முள்ளைச் சுற்றிச் சதை கண்ணாடி மாதிரி இருந்தது, இளஞ்சிவப்பாக ரத்தம் ஓடியது.

ஹால்வர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மெல்லாமல் விழுங்கினான்.

"மோசமில்ல," என்றான்.

"தோர்டிஸ்," என்றான் ஸ்டைனர் மெதுவாக, "இது இன்னும் நீந்திக்கிட்டிருக்கு."

தனக்குக் காது வரை சூடேறுவதை அவள் உணர்ந்தாள். புது அடுப்பு என்றாள். அணைத்ததும் ஆறிவிட்டது என்றாள். மறுபடி வைக்கிறேன், கொஞ்சம் பொறு என்றாள். ஸ்டைனர் சினை எங்கே என்று கேட்டான். அவள் நீல அண்டாவைக் காட்டினாள்.

ஹால்வர் பொறுமையிழந்து, எல்லாம் இந்தக் கண்ணாடிச் சனியன் செய்த வேலை என்று சொல்ல, ஸ்டைனர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"ஆமா. எப்பவும் வேற ஏதோ ஒண்ணு செஞ்ச வேலை. உன் வேலைன்னு ஒண்ணு கிடையாதே."

"அதையே இன்னும் பிடிச்சுத் தொங்குறியா?"

"நான் தொங்கல. நான் இறங்கிப் போனவன்."

அவன் கோட்டை எடுத்தான். கையை நுழைக்கப் போனான். அவ்வளவுதான், முடிந்தது. போன், எலுமிச்சம்பழம், வழுக்குச் சாலை, வாளிச் சூப்பு, எல்லாம் இந்தக் கோட்டின் ஒரு கைக்குள் போய் முடியப்போகிறது.

தோர்டிஸுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அண்ணன்மேல், தம்பிமேல், மகள்மேல், கண்ணாடிமேல். மூவர் தட்டிலிருந்தும் மீனைத் திரும்ப வாரினாள். தன் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் போட்டாள். அதன்மேல் உப்புத் தண்ணீரை ஊற்றினாள். ஈரலைப் பால் பாத்திரத்திலிருந்து இன்னொரு அலுமினியத்துக்கு மாற்றி, அதை மேலே கவிழாமல் அடுக்கினாள். கோட்டு போட்டுக்கொள்ளாமல் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

"எங்க போற?" ஹால்வரின் குரல் பின்னாலிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை. படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.

'தெர்னா'வின் தளத்தில் பனி கணுக்கால் வரை கிடந்தது. கீழே அறையில் ஈரக் கம்பளி வாடை. மூலையில் படகின் டீசல் அடுப்பு. மேலே தடித்த இரும்புத் தட்டு, கடல் ஆடும்போது பாத்திரம் வழுக்காமலிருக்க சுற்றிலும் கம்பிகள். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த அடுப்பைப் பற்றவைக்க அவளுக்குத் தெரியாது.

ஹால்வர் மூச்சு வாங்க இறங்கி வந்தான். எண்ணெய்க் குழாயைத் திருக இடது கையை நீட்டினான். குழாய் அசையவில்லை. எப்போதும் தம்பிதான் பற்றவைப்பான், ஹால்வர் சுக்கானைப் பிடிப்பான்.

மேலே பனிமேல் பூட்ஸ் சத்தம் வந்தது, நின்றது. ஸ்டைனர் கோட்டோடு படகுத்துறையில் நின்று திறப்பின் வழியாக எட்டிப் பார்த்தான். கிளம்பிப் போய்க்கொண்டிருந்தவன். வழி அந்தப் பக்கம்தான்.

ஹால்வர் குழாயோடு மல்லுக்கட்டினான்.

"அந்தப் பக்கம் திருப்பாத," என்றான் ஸ்டைனர் மேலிருந்து.

ஹால்வர் அந்தப் பக்கமே திருப்பினான்.

"உடைச்சிடுவ. தள்ளு."

ஸ்டைனர் இறங்கிவிட்டான். குழாயை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டித் திருகினான். டீசல் சொட்டும் வரை காத்திருந்தான். காகிதத்தைக் கொளுத்திப் போட்டான். அடுப்பு ஒரு தடவை இருமியது. அடுத்த கணம் கரும்புகை முழுவதும் அவன் முகத்தில் அடித்தது. அறை இருண்டது. மூன்று பேரும் கண்ணில் நீர் வழிய இருமினார்கள். தோர்டிஸ் பாத்திரத்தின் மூடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"புகைக்குழாய சுத்தம் பண்ணி எத்தனை காலமாச்சு?" ஸ்டைனரின் முகத்தில் கண் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது.

"நீ போனதிலிருந்து இல்ல."

இன்னொரு காகிதம். இன்னொரு இருமல். கடைசியில் அடுப்பு மனமில்லாமல் பிடித்துக்கொண்டது. ஆனால் இரும்பு சூடாக நேரமெடுக்கும். இடுக்கான அறை, மேலே போகவும் முடியாது, புயல். மூன்று பேரும் முழங்கால் முட்ட உட்கார்ந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க வேறொன்றும் இல்லை.

ஸ்டைனர் அடுப்பிடம் பேசுவது போலச் சொன்னான்.

"அன்னிக்கு திரும்பிடலாம்னு சொன்னேன். வலைய விட்டுட்டுத் திரும்பிடலாம்னு. ரெண்டு தடவை சொன்னேன். காத்துல உனக்குக் கேக்கலைன்னு ஊரெல்லாம் சொன்ன."

ஹால்வர் தோளைத் தேய்த்துக்கொண்டான். அந்தத் தோள் அன்றைக்குப் போனதுதான். அலை ஏறி அடித்து, அவன் கம்பியில் மோதி, ஸ்டைனர் அவனைக் கோட்டுக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்த நாள்.

"கேட்டுச்சு," என்றான்.

அடுப்பு உறுமியது.

"கேட்டுச்சு. நான்தான் திரும்பல."

தோர்டிஸ் தலையைத் தூக்கவில்லை. இரண்டு குளிர்காலம் அவள் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கணவனோடு மல்லுக்கு நின்றாள். வீட்டில், சூடான அறையில், நல்ல நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டும் வராத வார்த்தை. இந்தப் புகைக்கூண்டில் வந்திருக்கிறது.

எழுந்து பாத்திரங்களை இரும்புத் தட்டில் வைத்தாள். கம்பிகளுக்கு நடுவே இரண்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தன. அடியில் இரும்பு, மேலே அலுமினியம், இரண்டும் பேசிக்கொண்டது போல மெல்லச் சூடு ஏறியது. உப்புத் தண்ணீர் விளிம்பில் முத்து முத்தாக அசைந்தது. அவள் கை தானாக நீண்டு எண்ணெயைக் குறைத்தது. இந்தத் தடவை கை செய்தது சரி.

மீன் ஏற்கெனவே பாதி வெந்து ஆறியது. எடுத்தபோது துண்டங்கள் உடைந்து இதழ் இதழாக விழுந்தன. அழகாக இல்லை. தட்டுகளும் இல்லை. அண்ணனும் தம்பியும் பாத்திரத்திலிருந்தே எடுத்து, ஈரல் எண்ணெயில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். கரி படிந்த முகத்தோடு ஸ்டைனர் முள்ளை ஒவ்வொன்றாக உதட்டில் உருவி மூடியில் வைத்தான். ஈரலில் வினிகர் அதிகம் என்றான். சினை இல்லாமல் இதற்கு மெல்யே என்று பெயரா என்றான். ஆனால் கையை எடுக்கவில்லை. தோர்டிஸ் எட்டிப் பார்த்தபோது பாத்திரத்தில் மீனின் தோல்தான் மிச்சமிருந்தது.

அவளுக்கு வைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஸ்டைனர் கையைத் துடைத்துக்கொண்டு புகைக்குழாயை மேலும் கீழும் பார்த்தான்.

"இத வெச்சுகிட்டு கடலுக்குப் போனா மூச்சு முட்டியே செத்துடுவோம். ஞாயித்துக்கிழமை கழட்டிச் சுத்தம் பண்ணணும்."

"நான் பண்றேன்," என்றான் ஹால்வர்.

"அந்தத் தோள வெச்சுகிட்டா? சும்மா இரு. நான் வரேன்."

தோர்டிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை குழாய். அப்படியென்றால் திங்கட்கிழமை கடல். அவள் கேட்கவில்லை. கேட்டால் வெட்கப்பட்டு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஜாதி அது. பாத்திரங்களை எடுக்கக் கை நீட்டினாள்.

ஸ்டைனர் அவள் கையைத் தடுத்தான்.

"அதெல்லாம் இங்கயே இருக்கட்டும். இந்த அடுப்புக்கு இதுதான் சரி. மத்த ரெண்டையும் ஹால்வர்கிட்ட குடுத்தனுப்பு."

"நாலையுமா?"

"மூணு பேர் சாப்பிடறதுன்னா நாலு வேணும். திங்கக்கிழமைக்கு ஒரு ஆள் சேர்த்துக்கணும். மீன் ஆலையில இருக்கானே அந்த போலந்துக்காரன், பகல்ல சும்மாதானே இருக்கான், கேட்டுப் பாக்கலாம்."

ஹால்வர் சிரித்தான். இந்தக் குளிர்காலத்தில் அவள் கேட்ட முதல் சிரிப்பு. உன் வீட்டில்தான் புது அடுப்பு இருக்கிறதே என்றான் ஸ்டைனர் அவளைப் பார்த்து. அதற்கும் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அவளை வைத்துச் சிரிப்பதற்காகவாவது ஒன்று சேர்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் ஏணியில் ஏறினாள்.

வீட்டில் நீல அண்டாவைச் சுரண்டிக் கழுவினாள். ஸ்லாவெக்கின் பாத்திரத்தைக் கழுவினாள். பால் பாத்திரத்தைக் கழுவினாள். மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஸ்லாவெக் வாளியிலிருந்தே சூப் குடித்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களே கேட்கட்டும். யோருன் என்ன ஆயிற்று என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை புகைக்குழாய் சுத்தம் செய்கிறார்கள் என்றாள். யோருனுக்கு அது போதும். கதவைக்கூடச் சாத்தாமல் போனை எடுக்க ஓடினாள்.

திரும்பி வந்தபோது சமையலறை சுத்தமாக இருந்தது. ரொம்பச் சுத்தமாக. அலமாரியில் மிச்சமிருந்த இரண்டு அலுமினியப் பாத்திரங்களையும் எடுத்து ஹால்வருக்காக வாசலில் வைத்தாள். பசித்தது. ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்து, நின்றபடியே தின்றாள். கறுப்புக் கண்ணாடி பளபளவென்று அவள் முகத்தையே காட்டியது.

போன் அடித்தது. சில்யே.

"சாப்பாடு எப்படிமா இருந்துச்சு?"

"மோசமில்ல."

"சித்தப்பா?"

"திங்கட்கிழமை கடலுக்குப் போறாங்க."

மறுமுனையில் மகள் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறாளோ என்னவோ. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அடுப்பு? அடுப்பு எப்படி இருக்கு?"

தோர்டிஸ் கோட்டுப் பையில் கையை விட்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பழைய இடத்தில் வைத்தாள். டப்பென்று ஒட்டிக்கொண்டு சிரித்தது.

"அடுப்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள். "மேல வைக்கத்தான் வீட்டுல ஒண்ணுமில்ல."